பயன் என்றால் யாருக்குப் பயன்? வடிவமைப்பு சார்ந்த தகவல் அமைப்பு ஆய்வில் விமர்சனப் பார்வை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தகவல் அமைப்புத் துறையில் ஒரு மென்பொருளையோ செய்முறையையோ உருவாக்கி, அதையே ஆய்வாக எழுதும் மாணவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். அந்த இடங்களில் அவசரப்படக் கூடாது என்பது என் எண்ணம்.

வடிவமைப்பு சார்ந்த ஆய்வு என்றால் என்ன?

ஒரு நிறுவனத்தில் இருக்கும் மென்பொருளை ஊழியர்கள் ஏன் ஏற்கிறார்கள், ஏன் ஒதுக்குகிறார்கள் என்று கணக்கெடுத்து விளக்குவது ஒரு வகை ஆய்வு. புதிதாக ஒன்றைச் செய்து, பயன்பாட்டில் வைத்துப் பார்த்து, அதிலிருந்து மற்றவர்களுக்கும் உதவும் அறிவை எடுப்பது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் வடிவமைப்பு சார்ந்த ஆய்வு என்கிறோம். செய்வது ஓடுகிற மென்பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கருத்தாக்கம், மாதிரி, செய்முறை, ஓடும் அமைப்பு என்று நான்கு வகையாக 1995-இல் மார்ச், ஸ்மித் இருவரும் பிரித்தார்கள். நான்கையும் சேர்த்து இங்கே 'செய்பொருள்' என்று சொல்கிறேன்.

இதன் வேர் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமனிடம் இருக்கிறது. இருக்கும் நிலையை விரும்பும் நிலையாக மாற்ற வழி வகுக்கிற எவரும் வடிவமைப்பாளர்தான் என்று அவர் 1969-இல் எழுதினார். 2004-இல் ஹெவ்னரும் மூன்று சகாக்களும் இந்த வகை ஆய்வுக்கு ஏழு நெறிகளை வகுத்தார்கள். இன்று பெரும்பாலான ஆய்வேடுகள் அவற்றைச் சொல்லித்தான் தொடங்குகின்றன.

ஜெர்மன் பேராசிரியர்கள் இதற்காக ஓர் அறிக்கையே வெளியிட்டார்களாமே?

ஆமாம், 2010-இல். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பல்கலைக்கழகங்களில் இந்தத் துறை தொடக்கத்திலிருந்தே தொழில் நிறுவனங்களோடு சேர்ந்து அமைப்புகளைக் கட்டிவந்தது. ஆனால் ஆங்கில ஆய்விதழ்களில் இடம் பிடிக்க வேண்டும் என்றால் புள்ளிவிவரக் கருதுகோள் ஆய்வுதான் செல்லுபடியாகும் என்ற நிலை வந்தது. இளம் ஆய்வாளர்கள் கட்டுவதை விட்டுவிடுவார்களோ என்ற கவலையில் ஹூபர்ட் ஓஸ்டர்லே உள்ளிட்ட 10 பேர் ஓர் அறிக்கை எழுத, 111 பேராசிரியர்கள் ஆதரவு தெரிவித்தார்கள். அடுத்த ஆண்டு அது ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

நல்ல ஆய்வுக்கு அதில் நான்கு கொள்கைகள் சொன்னார்கள்: பல சூழல்களுக்குப் பொருந்தும் பொதுமை, புதுமை, காரண காரியத்தோடு நிறுவுதல், பயன். நான்காவதை அவர்கள் சொன்ன விதத்தைக் கவனியுங்கள். செய்பொருள் இன்றோ நாளையோ அதனோடு தொடர்புடைய தரப்புகளுக்குப் பயன் தரக்கூடியதாக இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் இனி வருவது எல்லாமே அந்தத் 'தரப்புகள்' என்ற ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

விமர்சனப் பார்வை என்றால் குறை சொல்வதா?

இல்லை. சினிமா விமர்சனம் என்கிறோமே, அந்தப் பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1923-இல் பிராங்பர்ட்டில் தொடங்கிய சமூக ஆய்வுக் கழகத்தில் வளர்ந்த சிந்தனை மரபு இது. ஒரு சமூக ஏற்பாடு இயல்பானது, தவிர்க்க முடியாதது என்று தோன்றும்போது, அது எப்படி அப்படி ஆனது, அதனால் யார் நலம் பெறுகிறார்கள், யாருடைய பேச்சு வெளியே நிற்கிறது என்று கேட்பதும், மாற்றத்துக்கு வழி தேடுவதும்தான் அதன் வேலை. அந்த மரபில் வந்த ஜெர்மன் மெய்யியலாளர் ஹாபர்மாஸ் 1968-இல் அறிவின் பின்னால் இருக்கும் அக்கறைகளை மூன்றாகப் பிரித்தார்: இயற்கையையும் பொருள்களையும் கட்டுப்படுத்தும் அக்கறை, ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளும் அக்கறை, தேவையற்ற ஆதிக்கத்திலிருந்து விடுபடும் அக்கறை. நம் துறையில் முதலாவதற்குத்தான் கருவிகள் குவிந்திருக்கின்றன.

எவ்வளவு ஒருபக்கமாக என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஒர்லிகோவ்ஸ்கி, பரூடி இருவரும் 1983 முதல் 1988 வரை வெளிவந்த 155 தகவல் அமைப்பு ஆய்வுக் கட்டுரைகளைப் பிரித்துப் பார்த்து 1991-இல் முடிவை எழுதினார்கள். 96.8 விழுக்காடு அளந்து நிறுவும் நேர்க்காட்சி வகை. மீதி 3.2 விழுக்காடு, மனிதர்கள் ஒன்றுக்குத் தரும் பொருளைப் புரிந்துகொள்ள முயலும் பொருள்கோள் வகை. விமர்சன வகையில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. மயர்ஸ், க்ளைன் இருவரும் 2011-இல் விமர்சன ஆய்வுக்கென்றே ஆறு நெறிகளை வகுத்தார்கள். ஆனாலும் விமர்சிப்பவர்கள் கட்டுவதில்லை, கட்டுபவர்கள் விமர்சிப்பதில்லை என்ற பிளவு இன்னும் ஆறவில்லை. பிராங்பர்ட் இருக்கும் அதே நாட்டில் வளர்ந்த வடிவமைப்பு மரபு அந்தச் சிந்தனையிலிருந்து இவ்வளவு குறைவாக எடுத்துக்கொண்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மென்பொருள் சரியாக ஓடினால் போதாதா? இதில் அதிகாரம் எங்கே வருகிறது?

பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் ஹொரைசன் அமைப்பைப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

அங்கே சிற்றூர் அஞ்சலகங்களைப் பெரும்பாலும் கடைக்காரர்கள் போன்ற தனிநபர்கள் ஒப்பந்தத்தில் நடத்துகிறார்கள். 1999 முதல் அவர்களுடைய கணக்குகள் புஜித்சூ நிறுவனத்தின் ஹொரைசனுக்கு மாறின. அதன் பிறகு பலருடைய கணக்கில் காரணமே தெரியாமல் பணம் குறைவதாகத் திரை காட்டியது. ஒப்பந்தப்படி குறையும் தொகையை அவர்கள் கட்ட வேண்டும் என்றது நிர்வாகம். சேமிப்பைக் கரைத்துக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் அதிகமானோர் தண்டிக்கப்பட்டார்கள். அதில் 700-க்கும் மேற்பட்ட வழக்குகளை அஞ்சல் நிறுவனமே தொடுத்தது. சிறைக்குப் போனார்கள், வீடு இழந்தார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில்தான் 2019-இல் உயர்நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை ஏற்றது. 2024-இல் தண்டனைகளை ரத்து செய்ய நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

பிழை இல்லாத மென்பொருள் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். ஒரு வடிவமைப்பு ஆய்வாளர் பார்க்க வேண்டியது வேறு இடம். கணக்கு முடிக்கும் திரையில் குறைந்த தொகையை ஒப்புக்கொள்ள வழி இருந்தது. 'இதை நான் மறுக்கிறேன்' என்று பதிய வழி இல்லை. மறுக்க வேண்டும் என்றால் திரையை விட்டு வெளியே வந்து உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். கணக்கை முடிக்காவிட்டால் அடுத்த கணக்குக் காலத்துக்குப் போக முடியாது. குறை எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்க்கும் தரவும் அவர்கள் கையில் இல்லை, மையத்தில் இருந்தது. போதாக்குறைக்கு, கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்ற அனுமானத்தோடுதான் அந்த நாட்டு நீதிமன்றங்கள் தொடங்கின. கணினிச் சான்று நம்பத்தக்கது என்று முதலில் நிரூபிக்க வேண்டும் என்ற பழைய சட்டப் பிரிவை 1999-இல் நீக்கிவிட்டிருந்தார்கள்.

ஆக, இல்லாத ஒரு பொத்தானில் அதிகாரம் இருந்தது. யாருக்கு எந்தத் தரவு தெரியும், யார் மறுத்துப் பேசலாம், பிழை வந்தால் யார் தலையில் விழும் என்ற மூன்றும் தேவைப் பட்டியல் எழுதும்போதே முடிவாகிவிடுகின்றன. வேகம், துல்லியம், பயன்பாட்டு எளிமை என்று வழக்கமான அளவுகோல்களை வைத்து மதிப்பிட்டால் இவை கண்ணில் படவே மாட்டா.

ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் திட்டத்திலும் இதே அமைப்புதான். ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்து, நலத்தொகை பெற்றவர்கள் கூடுதலாக வாங்கிவிட்டதாகக் கணினியே கடன் கணக்கிட்டது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஏழைகள் மீது விழுந்தது. விசாரணை ஆணையம் 2023-இல் அறிக்கை கொடுத்தது.

பயனர்களை அழைத்து நேர்காணல் செய்துவிட்டேன். அது போதாதா?

கருத்துக் கேட்பது நல்லதுதான். ஆனால் கருத்துச் சொல்வதும் முடிவில் கைவைப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை நன்றாகப் புரிந்துகொள்ள 1970-களின் நார்வேக்குப் போக வேண்டும்.

கிறிஸ்டன் நிகார்ட் சாதாரண ஆள் இல்லை. ஒலெ யோஹான் டாலோடு சேர்ந்து சிமுலா என்ற நிரல் மொழியை உருவாக்கி, பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு அடித்தளம் போட்டவர். அதற்காகப் பின்னாளில் இருவருக்கும் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது கிடைத்தது. தன்னுடைய கருவிகள் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களைக் கட்டுப்படுத்தப் பயன்படுவதைக் கண்டு அவருக்கு உறுத்தியது. 1971-இல் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். முதலில் வழக்கமான திட்டம்தான்: அமைப்புகளை ஆராய்வது, அறிக்கை எழுதுவது. நடுவில் அந்த வழி சரிப்படாது என்று தெரிந்ததும், 'ஆய்வின் முடிவு' என்ற சொல்லின் பொருளையே மாற்றினார்கள். இந்தத் திட்டத்தால் தூண்டப்பட்டுச் சங்கம், மேலிடத்திலும் ஆலை அளவிலும், எடுக்கும் நடவடிக்கைகள்தான் ஆய்வின் முடிவு என்று வரையறுத்தார்கள். தொழிலாளர்கள் படிக்கப் பாடநூல் எழுதினார்கள். ஆலைகளில் தரவு விவகாரங்களுக்கென்றே சங்கப் பிரதிநிதிகள் வந்தார்கள். 1975-இல் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கும் முதலாளிகள் கூட்டமைப்புக்கும் இடையே கணினி அமைப்புகள் பற்றித் தேசிய ஒப்பந்தமே கையெழுத்தானது.

அப்புறம் 1981 முதல் 1985 வரை நடந்த உட்டோப்பியா திட்டம். நார்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கங்களும் ஸ்வீடன், டென்மார்க் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தித்தாள் பக்க அமைப்புக்கு ஒரு கணினி முறையை வடிவமைத்தார்கள். அச்சுக்கோப்பவர்களின் கைத்திறனைக் கணினி விழுங்கிவிடாமல், அந்தத் திறனுக்குக் கருவியாக இருக்க வேண்டும் என்பதுதான் குறிக்கோள். தேவை அறிக்கையைக் காகிதத்தில் கொடுத்தால் யாருக்கும் புரியவில்லை. ஆகவே அட்டைப்பெட்டியை எடுத்து 'லேசர் அச்சுப்பொறி' என்று எழுதி ஒட்டி, தாளில் வரைந்த திரைகளை வைத்து, வேலை செய்வதுபோல நடித்துப் பார்த்தார்கள். அட்டைப்பெட்டியைத் திருத்த நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. 'இது இங்கே இருந்தால் என் கை எட்டாது' என்று அச்சுக்கோப்பவர் சொன்ன நொடியில் பெட்டி இடம் மாறியது. இன்று பல நிறுவனங்களும் முன்மாதிரி செய்து பார்க்கும் வழக்கத்துக்கு இப்படி ஒரு பிறப்பு இருந்தது. வழக்கம் பரவிவிட்டது, சங்கம் மட்டும் காணாமல் போய்விட்டது.

அந்தத் திட்டங்கள் வெற்றி பெற்றனவா?

முழுதாக இல்லை, அதை மறைக்கவும் தேவையில்லை. உட்டோப்பியாவிலிருந்து பிறந்த முறை சந்தையில் நிலைக்கவில்லை. செய்தியாளர்களின் சங்கம் திட்டத்தில் பங்கேற்காததால் பக்க அமைப்பு யாருடைய வேலை என்ற எல்லைத் தகராறு தீராமலே நின்றது. ஒரு தரப்பின் குரலை உள்ளே கொண்டுவரும்போது இன்னொரு தரப்பு வெளியே நின்றுவிடும் ஆபத்துக்கு இதுவே சான்று. ஆஸ்லோவில் செவிலியர்களோடு நடந்த புளோரன்ஸ் திட்டம் சங்கம் என்ற சட்டகத்தை விட்டு, அன்றாட மருத்துவமனை வேலை, பெண்களின் தொழிலறிவு என்ற பக்கம் திரும்பியது. ஒன்றின் குறையிலிருந்து அடுத்தது பிறந்தது என்றுதான் நான் பார்க்கிறேன்.

ஒரு படிவம், ஒரு வகைப்பாட்டுப் பட்டியல். இதிலெல்லாமா அரசியல்?

1980-களில் டெர்ரி வினோகிராட், பெர்னாண்டோ புளோரஸ் இருவரும் 'கோஆர்டினேட்டர்' என்ற மின்னஞ்சல் மென்பொருளின் பின்னால் இருந்தார்கள். சிலியில் அயெந்தே ஆட்சியில் அமைச்சராக இருந்து, 1973 ராணுவப் புரட்சிக்குப் பின் சிறையில் கிடந்து அமெரிக்கா வந்தவர் புளோரஸ். ஆதிக்கம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த மென்பொருளில் கடிதம் எழுதும் முன்பே அது கோரிக்கையா, வாக்குறுதியா என்று வகை சொல்ல வேண்டும். பேச்சில் தெளிவு வந்தால் வேலை நடக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

1994-இல் மானிடவியலாளர் லூசி சக்மன் இதை மறுத்தார். மனிதர்கள் வேண்டுமென்றே தெளிவின்றிப் பேசுவதும் உண்டு. மேலாளரிடம் 'பார்க்கலாம் சார்' என்கிறவர் வாக்குக் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்த இடைவெளிதான் கீழே இருப்பவருக்கு மூச்சுவிடும் இடம். வகை சொல்லியே ஆக வேண்டும் என்றால் அந்த இடம் போய்விடும், யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பது பதிவாகிவிடும். ஒழுங்குபடுத்தும் கருவி அது என்றார் சக்மன். தொலைவில் இருப்பவர்கள் சேர்ந்து வேலை செய்ய வெளிப்படையான கட்டமைப்பு வேண்டும் என்று வினோகிராட் பதில் எழுதினார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் நல்லெண்ணம் உள்ளவர் கட்டினார் என்பதற்காக வகைப்பாட்டைக் கேள்வி கேட்காமல் விடக் கூடாது என்பதில் நான் சக்மன் பக்கம்.

இப்படிச் சார்பு எடுத்தால் ஆய்வு அறிவியலாக இருக்குமா?

சார்பு இல்லாத வடிவமைப்பு எது என்று திருப்பிக் கேட்பேன். செலவைக் குறைப்பது நோக்கம் என்று எழுதினால் யாரும் சார்பு என்பதில்லை, ஊழியரின் கண்ணியத்தைக் காப்பது நோக்கம் என்றால் மட்டும் புருவம் உயர்கிறது. இரண்டும் மதிப்பீடுகள்தான். மறைக்காமல் எழுதி, காரணம் சொல்லி, எதிர்வாதத்துக்கு இடம் விட்டால் அது அறிவியலுக்கு நெருக்கமாகத்தான் போகிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். பாதிக்கப்படுகிறவர்களின் சார்பில் நாமே பேசிவிடுவது எளிது. 'இவர்களுக்கு இதுதான் விடுதலை' என்று ஆய்வாளர் முடிவுகட்டினால் அது இன்னொரு ஆதிக்கம்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கருவி ஏதாவது உண்டா?

உண்டு. சுவிஸ் சிந்தனையாளர் வெர்னர் உல்ரிச் 1983-இல் வகுத்த 12 எல்லைக் கேள்விகள். ஓர் அமைப்பை வரையும்போது எதை உள்ளே வைத்தோம், எதை வெளியே விட்டோம் என்பதைத் தோண்டியெடுப்பதற்கானவை. நான்கு தலைப்புகள், தலைப்புக்கு மூன்று கேள்விகள்: நோக்கம், அதிகாரம், அறிவு, நியாயம். யாருடைய நலனுக்காக இந்த அமைப்பு? தேவையான வளங்கள் யார் கட்டுப்பாட்டில்? யாரை நிபுணர் என்று ஏற்கிறோம்? நான்காவது தலைப்புதான் நெஞ்சைத் தொடுவது: பாதிக்கப்பட்டும் முடிவில் பங்கில்லாதவர்களுக்காக யார் சாட்சி நிற்கிறார்கள்?

ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை கேட்க வேண்டும். இப்போது எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும். இரண்டு பதில்களுக்கும் இடையே விழும் தூரத்தில் உங்கள் வடிவமைப்புத் தேவைகள் கிடக்கின்றன. ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். நேர்காணலுக்குப் போகும் முன் ஒருமுறையும், மதிப்பீடு முடிந்த பின் ஒருமுறையும் செய்யச் சொல்வேன்.

நிறுவனங்கள் இதற்கெல்லாம் இடம் கொடுக்குமா?

சில இடங்களில் சட்டமே இடம் வாங்கித் தருகிறது. ஜெர்மனியில் 1972-ஆம் ஆண்டுத் தொழிலகச் சட்டத்தின் 87-ஆம் பிரிவுப்படி, ஊழியர்களின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கும் தொழில்நுட்பக் கருவியைக் கொண்டுவர ஊழியர் மன்றத்தின் (ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிக் குழுவின்) ஒப்புதல் வேண்டும். கண்காணிக்கும் எண்ணம் நிறுவனத்துக்கு இருக்கிறதா என்பது முக்கியமில்லை, கருவி அதற்குப் பயன்படக்கூடியதாக இருந்தாலே போதும் என்று அந்நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் பொருள் கொண்டது. அங்கே வேலை செய்யும் ஆய்வாளர், ஊழியர் மன்றத்தை 'தடங்கல்' என்று ஆய்வேட்டில் எழுதுவதற்குப் பதில், வடிவமைப்பில் ஒரு தரப்பாக எழுதலாம்.

நம் ஊர் அமைப்புகளுக்கு இது பொருந்துமா?

நூறு நாள் வேலைத் திட்டத்தின் வருகைப்பதிவுச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகள் நீங்கலாக எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. நாளுக்கு இருமுறை, இருப்பிடக் குறியீட்டோடு தொழிலாளர்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். போலி வருகையைத் தடுப்பது நோக்கம், அது நியாயமான நோக்கம்தான். ஆனால் சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் படம் ஏறாவிட்டால் போவது அங்கே வேலை செய்த பெண்ணின் ஒரு நாள் கூலி. 'நான் வந்தேன், வேலை செய்தேன்' என்று அவர் தன் கையால் பதிய அந்தச் செயலியில் இடம் இல்லை. போன் பணித்தளப் பொறுப்பாளர் கையில் இருக்கிறது. ஹொரைசனில் பார்த்த அதே மூன்று கேள்விகளை இங்கே வைத்துப் பாருங்கள்: தரவு யாருக்குத் தெரியும், யார் மறுக்கலாம், பிழையின் சுமை யாருக்கு?

இதையெல்லாம் ஆய்வேட்டில் எங்கே எழுதுவது?

கடைசி அத்தியாயத்தில் 'அறநெறி சார்ந்த குறிப்புகள்' என்று அரைப் பக்கம் வேண்டாம். அங்கே வந்தால் எதையும் மாற்றும் காலம் கடந்திருக்கும். சிக்கலை விவரிக்கும் பகுதியில், இது யார் சொன்ன சிக்கல் என்று பெயர், பதவியோடு எழுதுங்கள். மேலாளர் சொன்ன சிக்கலும் கணக்கர் சொன்ன சிக்கலும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றாகக் கலக்க வேண்டாம். தேவைப் பட்டியலில் ஒவ்வொரு தேவைக்கும் பக்கத்தில் யாருடையது என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். நிராகரித்த தேவைகளையும், யார் நிராகரித்தார் என்பதையும் பட்டியலில் விட்டுவைங்கள்.

மதிப்பீட்டில், அமைப்பைப் பயன்படுத்துகிறவர்களோடு அமைப்பு யார் மீது பயன்படுத்தப்படுகிறதோ அவர்களையும் சேருங்கள். ஹொரைசனில் அஞ்சலகக்காரர் இரண்டுமாக இருந்தார். நூறு நாள் வேலைச் செயலியில் அந்தப் பெண் இரண்டாவது மட்டும், போனைத் தொடுவதே இல்லை. பயனர் திருப்திப் படிவத்தில் அவருக்குக் கட்டமே இருக்காது. அவரைத் தேடிப் போய் உட்கார்ந்து கேட்டுத்தான் எழுத வேண்டும்.